காரா, ரயிலா?

ஐரோப்பாவுக்குப் படிக்க வந்த நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். ஊர் சுற்ற காரை வாடகைக்கு எடுப்பதா, ரயிலில் போவதா? எங்கள் ஹாஸ்டல் சமையலறையில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. "நாலு பேர் சேர்ந்தா டிக்கெட்டை விட சீப்பு மச்சி, நினைச்ச இடத்துல நிறுத்தலாம், பெட்டியைத் தூக்கிட்டு அலைய வேணாம்" என்பது கார் கட்சி. "ஓட்டறவன் ரோட்டை மட்டும்தான் பார்ப்பான், அதுக்கு எதுக்குடா ஐரோப்பா?" என்பது ரயில் கட்சி.

எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. ஆனால் போன ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் பத்து நாள் ஜெர்மனிக்கு வந்தபோது ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டிய நிலைமை. அவர்களுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். அனேகமாக கடைசியும் இதுவாகத்தான் இருக்கும் என்று இருவரும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிக்கட்டைப் பார்த்தாலே முகம் மாறும். அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் வருடக்கணக்காக பஸ் ஓட்டியவரிடம் போய் "ரயில்ல போலாங்கப்பா" என்று சொன்னால் என்ன பதில் வரும்? "ஏன்டா, நான் ஓட்ட மாட்டனா?" என்றுதான் வந்தது.

சரி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் உங்களுக்கும் உதவும்.

முதலில் லைசென்ஸ். ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம் வரைதான் நம் இந்திய லைசென்ஸ் செல்லும். அதற்குப் பிறகு இங்கே தியரி, பிராக்டிகல் இரண்டும் பாஸ் செய்து ஜெர்மன் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் சுற்றிப் பார்க்க வருபவர்கள், நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இந்திய லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டலாம். அதாவது இரண்டு வருடமாக இங்கே குப்பை கொட்டும் நான் ஓட்டக்கூடாது, நேற்று வந்து இறங்கிய அப்பா ஓட்டலாம்! இதைச் சொன்னபோது அப்பாவுக்கு வந்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அடுத்து காசு. கார் வாடகை என்று இணையத்தில் தெரியும் தொகை வெறும் ஆரம்பம்தான். பல நிறுவனங்கள் 25 வயதுக்குக் கீழே என்றால் தனியாக ஒரு தொகை கேட்கும். நம் பசங்க எல்லோரும் அதில் மாட்டுவோம். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம், சில சமயம் வாடகையை விட அதிகம். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். முன்பணத்துக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் பெரும்பாலும் எடுபடாது. ஜெர்மன் ஆட்டோபானில் காருக்குச் சுங்கம் கிடையாது. ஆனால் ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைக்கு வின்யெட் வாங்க வேண்டும், ப்ரென்னர் பாதைக்கு அதற்கு மேல் தனிச் சுங்கம். சுவிட்சர்லாந்தில் ஒரே நாள் போனாலும் வருட வின்யெட்தான், 40 ஃபிராங்க்.

இத்தாலி இதைவிட வேடிக்கை. ஃப்ளாரன்ஸ், பீசா மாதிரி பழைய ஊர்களின் நடுப்பகுதி இசட்.டி.எல். எனும் கட்டுப்பாட்டு வட்டம். அனுமதி இல்லாமல் நுழைந்தால் தடுக்க ஆள் இருக்காது, கேமரா மட்டும் இருக்கும். என் சீனியர் ஒருவருக்கு ஊர் சுற்றிவிட்டு வந்து பல மாதம் கழித்து அபராத ஓலை வந்தது. முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு கார் நிறுவனம் தனியாக ஒரு தொகையை எடுத்துக்கொண்டதுதான் அதில் உச்சம்.

ரயில் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் மாதிரி ஓடும் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024-ல் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கு. லிஃப்ட் ரிப்பேரான ஸ்டேஷனில், எட்டு நிமிடத்தில் பிளாட்பாரம் மாற வேண்டும் என்றால் அம்மாவின் முழங்கால் என்ன ஆகும்? அதனால் எங்கே ரயில் மாறினாலும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வைத்தேன். பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், தாமதத்தால் இணைப்பு தவறினாலும் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதமும் கேட்டு வாங்கலாம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டமே இருக்கிறது.

பாஸ் விஷயத்திலும் ஒரு கூத்து. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில் பாஸ். ஒரே பெட்டியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்று, அப்பாவுக்கு வேறொன்று. பாஸ் இருந்தாலும் பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். தினம் ஒரு ஊர் என்று சுற்றுபவர்களுக்குப் பாஸ் லாபம். எங்களை மாதிரி மூன்று நாலு ஊர் என்றால் சில மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பதுதான் மலிவு.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மூன்று பேருக்குக் காரும் ரயிலும் கிட்டத்தட்ட சமமாக வந்தது. ஆக, காசு முடிவு செய்யவில்லை. எங்கே போகிறோம் என்பதுதான் முடிவு செய்தது.

வெனிஸுக்குள் கார் போகாது. ஊர் எல்லையில் கொள்ளைக் காசு கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ரயிலோ சாண்டா லூசியா ஸ்டேஷனில் இறக்கிவிடும், வாசலுக்கு வந்தால் எதிரே கால்வாய். சுவிஸில் வெங்கன், செர்மாட் மாதிரி மலை ஊர்களும் அப்படித்தான், வெளியூர்க் காரைக் கீழேயே விட்டுவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும். இந்த இடங்களுக்குக் கார் எடுப்பது, செருப்பை வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி.

ஆனால் ஆஸ்திரியாவில் க்ராஸ்க்ளாக்னர் மலைச்சாலை இருக்கிறது. 1935-ல் திறந்தது, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் 2,500 மீட்டருக்கு மேல். அங்கே ரயில் கிடையாது. எனவே மியூனிக்கில் இரண்டு நாளைக்கு மட்டும் கார் எடுத்து, மியூனிக்கிலேயே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. ஓட்டுவது அப்பா. ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில், போவது சாலையின் வலது பக்கம். முதல் அரை மணி நேரம் காருக்குள் யாரும் பேசவில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். "முப்பத்தாறுதானா?" என்று மட்டும் கேட்டார்.

மீதி எட்டு நாளும் ரயில். ப்ரென்னர் வழியாக வெனிஸ், அங்கிருந்து மிலன், பிறகு 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக சுவிஸ். அப்பா எல்லா ரயிலிலும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் காதில் சொன்னது: "இத்தனை வருசத்துல இந்த மனுசன் என் பக்கத்துல உக்காந்து ஊருக்குப் போனது கைவிட்டு எண்ணிரலாம்." பஸ்ஸில் எங்கே போனாலும் அம்மா பயணி, அப்பா டிரைவர். கார் எடுத்திருந்தால் பத்து நாளும் அதேதான் நடந்திருக்கும். இது என் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராத செலவு.

எனவே மக்களே, என் சூத்திரம் இது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே ரயில். ஊரே இல்லாத இடத்துக்குக் கார். ஐஸ்லாந்தில் ரயிலே கிடையாது, டஸ்கனியின் குன்று கிராமங்களுக்கு பஸ் எப்போதாவதுதான். அங்கெல்லாம் கார்தான் சரி. எடுக்கும்போது எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்கிற மாதிரி திட்டம் போடுங்கள், சேர்ந்து போகிறவர்களில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் நாளைக் குறையுங்கள். அவரும் ஊர் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.