ஷட்டர் இறங்கிய பிறகு

கட்டடங்களின் மின் செலவைத் தணிக்கை செய்யப் போகும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையைக் கட்டாதீர்கள் என்பதைத்தான். பகலில் எந்தக் கட்டடமும் வந்தவருக்கு நல்ல முகத்தைத்தான் காட்டும். முதலாளி இருப்பார், மேலாளர் கூடவே நடப்பார், ஆள் இல்லாத அறையில் விளக்கு அணைந்திருக்கும். அவர்கள் எல்லாம் வீடு திரும்பிய பிறகு அந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை. நான்கு மாடி, முழுக்க ஏ.சி. இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும், காலை ஒன்பதுக்கு ஏறும். பகல் கணக்கில் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. ஆனால் மெயின் போர்டில் மாட்டியிருந்த பவர் அனலைசர் நள்ளிரவு ஒரு மணிக்கு எட்டு கிலோவாட் என்று காட்டியது. பூட்டிய கடையில் எட்டு கிலோவாட்! பதினோரு மணி நேரத்துக்கு 88 யூனிட், ஆண்டுக்கு 32,000 யூனிட்டுக்கு மேல்.

அது எங்கே போகிறது என்று அந்த இரவே தேடினோம். டாங் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்தோம். பெயர்ப் பலகை விடிய விடிய எரிந்தது. குடிப்பதற்கு ஆளில்லாத தண்ணீரை இரண்டு கூலர்கள் குளிரவைத்துக்கொண்டிருந்தன. கேமரா அறை ஏ.சி.யும் ஓடியது. எல்லாவற்றையும் கூட்டினாலும் நான்கு கிலோவாட்தான் வந்தது. மீதி நான்கு எங்கே என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் எங்களுக்கு டார்ச் பிடித்த காவல்காரர் சொன்னார்: "தண்ணி மோட்டார் ராத்திரி பூரா ஓடுதுங்க ஐயா. டேங்க் நெறஞ்சு வழியிற சத்தம் கேக்கும். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

மொட்டை மாடிக்கு ஏறினோம். தொட்டியின் மிதவை ஸ்விட்ச் சிக்கியிருந்தது. வழிந்த நீர் மழைநீர்க் குழாயில் இறங்கிச் சாக்கடையில் சேர்ந்துவிட்டதால், கீழே இருந்த யார் கண்ணிலும் படவில்லை. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் எத்தனை மாதமாக அப்படி ஓடியதோ! சில நூறு ரூபாய் மிதவையோடு அந்தக் கதை முடிந்தது.

அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் காவல்காரரிடமும் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடமும் பேசாமல் நான் திரும்பியதில்லை. எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். எங்கே, ஏன் என்பதை அங்கேயே கிடந்து பழகிய மனிதர்தான் சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்கும் வரை காத்திருக்கும் பொறுமையை எந்தத் தேர்வும் உங்களுக்குக் கற்றுத் தராது.

தேர்வைக் குறைத்துச் சொல்வதாக எண்ணாதீர்கள். எங்கள் காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெயர்கூட இல்லை. எல்லா மின்சாரப் பேச்சும் மின் வாரியத்தோடு முடிந்துவிடும். 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002 மார்ச் முதல் தேதி பி.இ.இ. என்று நாம் சொல்லும் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கப்பட்டது. 2010-ல் செய்த திருத்தத்தின்படி 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவையோ உள்ள வணிகக் கட்டடங்கள் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. நமது மாவட்டத்துப் பெரிய ஜவுளிக்கடை, மருத்துவமனை, கல்லூரி பலவும் அந்த அளவைத் தாண்டியவை. சான்று பெற்ற தணிக்கையாளர் ஆவதற்கு நான்கு தாள் எழுத வேண்டும். நான்காவதைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். கட்டடத்தின் முன் நிற்கும்போதோ புரட்டிப் பார்க்க எந்தப் புத்தகமும் இருக்காது.

கல்யாண மண்டபம் ஒன்றின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர்ப் பஞ்சாங்கம் தெரியாதவருக்கு அதன் மின் கட்டணச் சீட்டு விளங்காது. உயர் அழுத்த இணைப்பு, 200 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவு இழுப்போம் என்று வாரியத்தோடு எழுதிக்கொண்ட அளவு. வைகாசி முகூர்த்தத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்க, பெரிய ஏ.சி.கள் எல்லாம் ஓட, சமையல்கட்டில் கிரைண்டர்கள் சுழல, தேவை 190-ஐத் தொட்டது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஆடி மாதத்து மீட்டர் காட்டிய உச்சத் தேவை 28. ஆனால் பதிவான தேவை, ஒப்பந்தத்தில் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆகவே 28 பயன்படுத்திய மாதத்திலும் மண்டபக்காரர் 180-க்குப் பணம் கட்டினார். ஆண்டுக்கணக்கில் கட்டியிருக்கிறார். "ஏ.சி. நிறைய கரண்ட் தின்னுது" என்பது அவர் நம்பிக்கை. சீட்டில் யூனிட் வேறு, தேவை வேறு என்று இரண்டு வரிகள் இருப்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

என்னோடு வந்த இளைஞர், ஒப்பந்தத்தை உடனே 100-க்குக் குறைத்துவிடலாம் என்றார். கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் அடுத்த வைகாசியில் 190 போனால் மிகுதிக்கு அபராதம் விழும். முகூர்த்த நேரத்தில் இணைப்புக்கே சங்கடம் வந்தால் மண்டபத்தின் பெயர் போய்விடும். ஒரு பெண்ணின் கல்யாணத்தில் விளக்கு அணைந்தால் அதை எந்தச் சேமிப்பு ஈடுகட்டும்? அதனால் முகூர்த்த நாள் ஒன்றில் விடியற்காலை மூன்று மணி முதல் அங்கே இருந்து பார்த்தோம். அத்தனை ஏ.சி.யையும் ஒரே நேரத்தில் போட்டதும், அதே வேளையில் தண்ணீர் மோட்டாரும் கிரைண்டர்களும் ஓடியதுமே 190-க்குக் காரணம். ஏ.சி.களை ஒன்றன்பின் ஒன்றாக முன்கூட்டியே தொடங்கவும், மோட்டாரை முந்தின இரவே ஓட்டித் தொட்டியை நிரப்பவும், மாவை அதற்கு முன்பே அரைத்து வைக்கவும் சொன்னோம். உச்சம் 140-க்கு இறங்கியது. ஒரு முழுப் பருவம் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்பந்தத்தை 150-க்குக் குறைக்க எழுதிக் கொடுத்தேன். மண்டபக்காரர் முனகினார், பருவம் முடியும் வரை முனகிக்கொண்டேதான் இருந்தார். அவசரத்தில் கொடுத்த நல்ல யோசனையும் கெட்ட யோசனையாகவே முடியும்.

இன்னொரு கட்டடத்தில் நடந்தது மனிதரைப் பற்றியது. ஒரு லாட்ஜில் ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட்கள் எல்லாவற்றையும் ஒடுக்கமான ஒரு சந்தில் அடுக்கியிருந்தார்கள். ஒன்று விட்ட சூட்டை மற்றொன்று இழுத்துக்கொண்டிருந்தது. பில்டர்களில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. என்னுடன் இருந்த பொறியாளர் அறிக்கையில் "பராமரிப்பில் அலட்சியம்" என்று எழுதினார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அங்கே இருந்த எலக்ட்ரீஷியன் ஒரே ஆள். லிப்ட், மோட்டார், ஜெனரேட்டர், அறுபது அறை எல்லாம் அவர் தலையில். ஏ.சி.யைச் சந்தில் வைக்கச் சொன்னது அவரல்ல. முகப்பு அழகு கெடக் கூடாது என்று நினைத்தவர்கள். "பில்டரை மாதமிரு முறை கழுவ ஓர் உதவியாள் தேவை" என்று எழுதினோம். உதவியாள் கிடைத்தார். அதன்பின் நான் எப்போது போனாலும் அந்த எலக்ட்ரீஷியன், கேட்காமலே தம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டுவார். பிள்ளைகளே, பிறர் சோற்றில் மண் விழும்படி எழுதிய அறிக்கையை அந்தக் கட்டடத்தில் யாரும் நிறைவேற்றித் தர மாட்டார்கள்.

வளைந்து கொடுக்கக் கூடாத இடமும் உண்டு. இலவசமாகத் தணிக்கை செய்து தருகிறோம் என்று வந்து, கடைசியில் தங்கள் சரக்கையே பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கையிலும் கமிஷன் உறையைத் திணிப்பார்கள். சந்தையில் "பவர் சேவர்" என்று ஒரு பெட்டி விற்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர். யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டும் வீட்டுக்கு அதனால் பயன் இல்லை. உயர் அழுத்த இணைப்பில் பவர் பேக்டர் 0.90-க்குக் கீழே போனால் தண்டம் உண்டு. அங்கே அளந்து, முறையாகப் போட்ட கெப்பாசிட்டர் உண்மையிலேயே பணம் மிச்சம் பிடிக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவனிடம் தேநீர்கூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

டெல்டாவில் பிறந்த உங்களுக்குக் கடைமடை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், தலைப்பில் வீணாகும் தண்ணீர் கடைசி வயலுக்கு வராது. மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு. நகரத்தில் மாலையில் எல்லாக் கண்ணாடி முகப்புகளும் ஏ.சி.யை இழுக்கும்போது, கம்பிவழியின் கோடியில் இருப்பவரின் டியூப்லைட் மினுக்கும். காவிரி வராத ஆண்டில் ஆழ்துளை மோட்டார்களும் சேர்ந்துகொள்ளும். 2008-க்குப் பின் வந்த மின்வெட்டு ஆண்டுகளை உங்கள் பெற்றோரிடம் கேளுங்கள். கடைவீதி முழுக்க ஜெனரேட்டர் புகை. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். அந்த விலையைக் கொடுத்தபோதுதான் பலருக்கு விளக்கை அணைக்கக் கை வந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னை எல்லாம் படுத்துவிட்டது, மின்கம்பங்களும் அப்படியே. வாரியத்து ஊழியர்கள் வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டதை நான் மறக்க மாட்டேன். அப்போது ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. டீசல் இரண்டு நாளைக்குத்தான், என்ன செய்வது என்றார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எழுதிக் கொடுத்த தணிக்கை அறிக்கை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் எந்தச் சர்க்யூட் எவ்வளவு இழுக்கிறது, எது உயிர் காப்பது, எது வசதிக்கானது என்று அட்டவணை இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, அறுவை அரங்கு, குழந்தைகள் பிரிவு, ரத்தம் வைக்கும் பெட்டி, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு மணி நேரம் என்று மட்டும் ஓட்டினார்கள். டீசல் ஐந்து நாள் தாங்கியது. யாரும் படிக்காத அறிக்கை என்று அதுவரை நான் சற்று வருந்தியிருந்தேன். செய்த வேலை சரியாக இருந்தால் அதற்கு ஒரு நாள் வரும். அந்த நாளை நாம் குறிக்க முடியாது.

இன்னும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டு வெறும் கான்கிரீட்டோடு நிறுத்திய கட்டடங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சித்திரை மாதத்து இரவு பத்து மணிக்கும் கீழறையின் கூரை கையைச் சுடும். அந்தச் சூட்டோடு விடியும் வரை மல்லுக்கு நிற்பது ஏ.சி.தான். 2020 ஜனவரி முதல் விற்கும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மிச்சம் என்கிறது பி.இ.இ. விதி நல்ல விதிதான். ஆனால் தலைக்கு மேல் கான்கிரீட் கொதிக்கும்போது ரிமோட்டை 18-க்கு இறக்குபவரை நான் திட்ட மாட்டேன். முதலில் கூரையைப் பாருங்கள், பிறகு ரிமோட்டைப் பேசலாம்.

இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர்கள் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாதம் உங்கள் வீட்டு மீட்டரை இரவு படுக்கும் முன்பும், காலை எழுந்தவுடனும் படித்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே போனது என்று ஒவ்வொரு ஸ்விட்சாகக் கண்டுபிடியுங்கள். ஒரு நாளும் விடாமல் எழுதிய நோட்டோடு வருகிறவருக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தர நான் காத்திருக்கிறேன்.