வாயால சொல்லு

அம்மம்மாவின்ர எட்டுச் செலவு அன்று அக்கா ஒரு பகிடி விட்டா. அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எங்கட வீட்டில் அந்தப் பார்வைக்கு ‘வாயை மூடு’ எண்டு அர்த்தம். சின்ன வயசிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் அது பாடம். ஆனால் அக்கா நிறுத்தவில்லை, இரண்டாவது பகிடியும் வந்தது. பிறகு இரண்டு மாசம் நான் அவவோட கதைக்கேல்லை.

அக்காவுக்கு நாலு வருசமாக மல்டிப்பிள் ஸ்க்லெரோசிஸ். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் இருக்கிற நரம்புகளைச் சுற்றி மயலின் எண்டொரு உறை இருக்கு. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கிறதுதான் இந்த வருத்தம். அனேகமாக 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும், பெண்களுக்குத்தான் கூட. கால் விறைப்பு, கண் மங்கல், வெயிலில் கூடுகிற களைப்பு எல்லாத்துக்கும் நாங்கள் பழகியிருந்தம். “பிள்ளை மாறிப்போச்சு, ஒருத்தரின்ர மனசும் அதுக்கு விளங்குதில்லை” எண்டு சொந்தக்காரர் சொன்னபோது மட்டும் நானும் தலையாட்டினேன்.

பிறகுதான் ‘சமூக அறிதல்’ பற்றி வாசித்தேன். மற்றவரின் முகம், குரல், பார்வையை வைத்து அவர் என்ன நினைக்கிறார் எண்டு பிடிக்கிற திறமை அது. அதை அளக்க ஒரு சோதனை இருக்கு. சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 2001இல் திருத்தி வெளியிட்டது. 36 படங்கள், ஒவ்வொன்றிலும் கண்கள் மட்டும். அந்த ஆளின் மனநிலையை நாலு சொல்லுக்குள் தெரிவு செய்யவேணும். இப்படியான சோதனைகளில் எம்.எஸ். உள்ளவர்கள் சராசரியாகக் குறைவான புள்ளி எடுக்கிறார்கள். கோபத்தையும் பயத்தையும் முகத்தில் வாசிக்கிறது கூடக் கஷ்டம். எல்லாருக்கும் இப்படி வாறதில்லை. ஆனால் நல்லா நடந்து திரியிறவர்களுக்கும் வரலாம். இந்தச் சிக்கல் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரமும், முக்கியமா மனசும் உறவுகளும் சார்ந்த பக்கம், குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வாசித்த அன்றைக்கே அக்காவுக்குக் கோல் எடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்க முதலே அவ கேட்டா:

“என்னடி, ரெண்டு மாசமா அவ்வளவு பிஸியோ?”

நான் கோபத்தில் இருந்ததே அவவுக்குத் தெரியாது. நான் தண்டனை எண்டு நினைத்துக் கொடுத்த மௌனம் அவவுக்கு வெறும் தனிமையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. அம்மம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க, ஏலாத கையோட அவவுக்குச் சோறு தீத்தினது அக்காதான். முகம் வாசிக்கிறது வேற, அன்பு வேற. அதை நான் மறந்துபோனேன்.

வாசித்ததெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிச்சா.

“எல்லாத்தையும் வருத்தத்தின்ர தலையில போடாத. அந்தப் பகிடி உண்மையிலேயே சரியில்லைத்தான். ஆனா கோவம் எண்டா முகத்தை நீட்டிக்கொண்டு இருக்காத. வாயால சொல்லு.”

இப்ப சொல்லுறன். “அக்கா, எனக்குக் கோவம்.” முதல் தடவை நாடகம் நடிக்கிற மாதிரி இருந்தது. அம்மாவுக்கு இன்னும் வருகுதில்லை, பார்வைதான். அப்ப நான் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொல்லுவேன்: “அக்கா, அம்மாவுக்குக் கோவம்.”