வண்டிப்பாதை

சுவிட்சர்லாந்தின் அரசியலமைப்புச் சட்டத்தில் 88-ஆவது பிரிவு நடைபாதைகளைப் பற்றியது. ஊரிலிருந்து ஊருக்கும் மலைக்கும் நடந்து போகும் பாதைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 1979-ல் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். 2018 செப்டம்பரில் இன்னொரு ஓட்டெடுப்பு நடத்தி சைக்கிள் பாதைகளையும் அதே பிரிவில் சேர்த்தார்கள். 73.6 சதவீதம் பேர் ஆதரவு. அதற்கான தனிச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் 2027-க்குள் பாதைகளைத் திட்டமிட வேண்டும், 2042-க்குள் போட்டு முடிக்க வேண்டும்.

வேலை நிமித்தம் சூரிச்சில் இருந்த சில மாதங்களில் இது தெரியவந்தபோது சிரிப்புதான் வந்தது. அரசியல் சட்டத்தில் போய் சைக்கிளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எந்தத் திருப்பத்திலும் ஒரு சின்ன சிவப்புப் பலகை இருந்தது. அதில் ஒரு சைக்கிள் படம், ஒரு எண். ஒற்றை இலக்கம் என்றால் நாடு முழுக்கப் போகும் பாதை, அப்படி ஒன்பது உண்டு. இரண்டு இலக்கம் வட்டாரப் பாதை, மூன்று இலக்கம் உள்ளூர்ப் பாதை. மென்பொருள்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மலைச் சைக்கிளுக்கென்று காட்டுக்குள் தனி வழி, அதற்கும் பலகை. அந்த நாட்டில் எனக்குப் பிடித்தது மலையோ ஏரியோ இல்லை. முன்பின் தெரியாத ஊரில், மொழி தெரியாத ஒருத்தன், யாரிடமும் வழி கேட்காமல், எந்த லாரிக்கும் பயப்படாமல் வீடு திரும்பிவிடலாம் என்கிற அந்த நிச்சயம்தான்.

இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். வேலை வீட்டிலிருந்தே. ரயில் வராத மாவட்டத் தலைநகர் எங்களுடையது. ரயில் வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூர் போகணும். மலைச் சைக்கிள் ஒன்று வாங்கியதற்கு இதெல்லாம் காரணமில்லை, உட்கார்ந்தே இருந்து இடுப்பு வலித்ததுதான் காரணம். ஆனால் வாங்கிய பிறகு தெரிந்தது, இந்த இரண்டு மாவட்டங்களையும் டயரால் படிக்க முடியும் என்று. மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் செம்மண்ணும் சரளையும். நடுவில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கல். அதற்கும் கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் மறுபடி செம்மண், முந்திரிக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் எந்த ஊர் என்று கைப்பிடியின் அதிர்விலேயே சொல்லிவிடலாம். (கண்ணை மூடி ஓட்டவில்லை.)

பாடாலூர் பக்கம் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் காரை. அங்கிருந்து குளக்கால்நத்தம் வரை கிடக்கும் நிலத்தைப் போல தமிழ்நாட்டில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. புல் முளைக்காத, மழை அரித்து அரித்து வரிவரியாகிப்போன களிமண் மேடுகள். வெயிலில் கண்ணாடிச் சில்லு போல மின்னுவது ஜிப்சம். ஒரு காலத்தில் இதெல்லாம் கடலடி. துப்பாக்கித் தோட்டா மாதிரி கிடக்கும் கற்கள் பெலம்னைட் என்ற கடல்வாழ் உயிரின் மிச்சம். ஆட்டுக்கிடாக் கொம்பு போல சுருண்டிருப்பவை அம்மோனைட். 1860-களில் பிளான்போர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இந்தப் பாறைகளை அடுக்கு வாரியாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். இன்றைக்கும் உலகத்து நிலவியல் கட்டுரைகளில் அந்தப் பெயர்கள்தான். சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்திருக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது.

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு காரை மேடுகள் சொர்க்கம். ஆனால் நான் ஆட்டுத்தடத்தை விட்டு இறங்குவதில்லை. ஒரு டயர் தடம் விழுந்தால் அடுத்த மழை அதைப் பிடித்துக்கொண்டு ஓடையாக்கிவிடும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார்.

“என்ன வெல தம்பி?”

சொன்னேன். கொஞ்சம் குறைத்தே சொன்னேன்.

“அவ்ளோ குடுத்தும் மட்கார்டு போடலியா அவன்?”

வெள்ளாடுகளைப் பார்த்துச் சிரித்தபடியே, குளக்கால்நத்தம் போக ரோட்டுக்கு ஏன் ஏறணும், அந்தக் காலத்து வண்டிப்பாதை இருக்கே என்று கையை நீட்டிக் காட்டினார். வேலிக்காத்தான் மூடிக் கிடந்த ஒரு சந்து. உள்ளே நுழைந்தால் இரண்டு வண்டிச் சக்கரத் தடம் இன்னும் பள்ளமாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் முள் ஏறி பஞ்சர். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்தேன், ஒரு லாரியைக்கூடப் பார்க்காமல்.

அது சாதாரண விஷயமில்லை. அந்தக் கடல் விட்டுப்போன சிப்பிகளும் சுண்ணாம்பும்தான் அரியலூரின் சிமெண்ட். கல் இருப்பதால் ஆலை, ஆலை இருப்பதால் லாரி. அரியலூரைச் சுற்றிய சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ராப்பகலாக ஓடுகின்றன. ஓரமெல்லாம் வெள்ளைப் புழுதி. என் தலைக்கவசத்திலிருந்து நான்கு விரல் தூரத்தில் ஒரு டிப்பர் உரசிக்கொண்டு போனதும், நான் சோளக்கொல்லையில் இறங்கி நின்றதும் நடந்திருக்கிறது. நான் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவன், வேண்டாமென்றால் மறுநாள் வீட்டில் இருந்துகொள்வேன். ஆனால் காலை எட்டரைக்கு அதே சாலையில், அரசு கொடுத்த சைக்கிளில், பின்கேரியரில் தோழியை உட்கார வைத்து மிதிக்கிற பதினோராம் வகுப்புப் பெண்ணுக்கு அப்படி முடியாது. இருபது வருடங்களுக்கும் மேலாக நாம் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கிறோம். திருச்சிக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற்றிவிட்டது. உலகமே வியந்து எழுதிய கதை. சைக்கிள் கொடுப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எந்த வழியாகப் போவது என்பதை மட்டும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டோம்.

ஆட்டுக்காரர் காட்டிய சந்துக்குப் பிறகு கிராம வரைபடங்களைத் தேட ஆரம்பித்தேன். வருவாய்த் துறை வரைபடத்தில் ஏரி, ஓடை, நத்தம், சுடுகாடு எல்லாவற்றுக்கும் நடுவே வண்டிப்பாதை இருக்கிறது. ஊருக்கு ஊர் இருக்கிறது. புறம்போக்கு, அதாவது பொதுச் சொத்து. சந்தைக்கும் களத்துக்கும் மாடு கட்டிப் போன வழிகள். மாட்டுவண்டி ஏறும் ஏற்றம் சைக்கிளும் ஏறும், அதனால் சரிவுகூட அளவாகத்தான் இருக்கிறது. இரவில் வேலை முடிந்ததும் இவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைகிறேன். அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். சனி, ஞாயிறு நேரில் ஓட்டிப் பார்ப்பேன். ஓட்ட முடிந்தால் கோடு நிற்கும், முடியாவிட்டால் அழிப்பேன். இப்படிக் கிடைத்ததில் நல்ல வழிகள் பல ஏரிக்கரைகள். ஜனவரி மாதத்தில் கரைவெட்டி ஏரிக்கரையில் போனால், இமயமலையைத் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்துகள் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. அங்கே மட்டும் வண்டியை விட்டிறங்கி நடப்பேன், பறவைகள் சைக்கிளை நம்புவதில்லை.

எல்லாப் பாதையும் மிஞ்சியிருக்கவில்லை. சில பக்கத்துக் கொல்லைக்காரரின் வரப்புக்குள் கரைந்துவிட்டன. அரியலூர்ப் பக்கம் ஒன்று, படத்தில் அம்பு போல நேராக அடுத்த ஊருக்குப் போகிறது. நேரில் போனால் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நூறடி பள்ளம், அடியில் பச்சை நிறத் தண்ணீர். கல் எடுத்து முடித்த சுரங்கம். பாதை இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. அந்தக் கோட்டை வெட்டி இரண்டு துண்டாக்கிய இரவு தூக்கம் வரவில்லை.

போன வருடம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர், யார் மூலமோ கேள்விப்பட்டு, போன் செய்தார். “சார், எங்க பசங்க மூணு கிராமத்துலேர்ந்து சைக்கிள்ல வர்றாங்க. லாரி ரோட்டுக்கு ஏறாம வர வழி இருக்கா உங்க மேப்புல?” இருந்தது. ஒரு ஏரிக்கரை, இரண்டு வண்டிப்பாதை, ஓர் ஓடைத் தரைப்பாலம். தார்ச்சாலையைவிட ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். ஏ3 தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். மூன்று வழிகளுக்கும் எண் போட்டேன், மூன்று இலக்கத்தில். ஆசிரியர் என்னவென்று கேட்டார், சும்மா என்றேன்.

ஐப்பசி வரை பிள்ளைகள் அதில்தான் வந்தார்கள். மழை பிடித்ததும் நின்றுபோனது. கரிசல் நனைந்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடி போகும், மறுபடி இறுகும். என் வண்டிக்கு மட்கார்டு இல்லாததால் இது எனக்குத் தோன்றவே வாய்ப்பில்லை. மோசமான இடம் மொத்தமே நானூறு மீட்டர்தான். அதற்குச் சரளை கொட்டிக் கெட்டித்துக் கொடுங்கள் என்று ஆசிரியரும் நான்கைந்து பெற்றோரும் ஒரு மனு எழுதினார்கள். சர்வே எண்ணையும் அளவையும் நான் போட்டுக் கொடுத்தேன். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் படிக்கப்பட்டது. தலைவர் கேட்ட ஒரே கேள்வி, “அது வண்டிப்பாதைதானே, யாரு போறா அதுல?”

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “நாங்க போறோம்” என்றாள். தீர்மானம் நிறைவேறியது. சரளை இன்னும் வரவில்லை.