'யார் செஞ்சது?' என்று கேட்பதற்கு முன்னால்...

போனில் 'அப்டேட் செய்யவா?' என்று ஒரு பெட்டி வந்தால், ராத்திரி தூங்கப் போகும் முன் 'சரி'யைத் தட்டிவிட்டு சார்ஜில் போட்டுவிடுவோம். காலையில் பார்த்தால் எழுத்து கொஞ்சம் மாறியிருக்கும், கேமரா பட்டன் இடம் மாறியிருக்கும். ரெண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வோம். அதே பெட்டி, எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை அறுக்கும் மெஷினின் கம்ப்யூட்டரில் வந்தால் கதையே வேறு. அங்கே இடம் மாறுவது, நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று சுற்றும் கட்டர்.

புழலில், ஜி.என்.டி. சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் பட்டறை இருக்கிறது. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் செய்து கொடுக்கிறோம். புழல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரியும் ஜெயிலும்தான் ஞாபகம் வரும். குடோன்களும், எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளும் இங்கே நிறைய உண்டு. ஆர்டர் பிடிப்பதும் ஃபிட்டிங்கும் கணவர் பொறுப்பு. கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு.

எங்களிடம் இருப்பது சி.என்.சி. நெஸ்டிங் மெஷின். பெயர்தான் மிரட்டும், விஷயம் சமையலறையில் தெரிந்ததுதான். சோமாஸுக்கு மாவைத் தேய்த்து வட்டம் வட்டமாக வெட்டும்போது, இடையில் மாவு வீணாகாமல் நெருக்கி நெருக்கி வெட்டுவோம் இல்லையா? ஒரு ஷீட் பிளைவுட்டில் கதவு, ஷெல்ஃப், பக்கப் பலகை எல்லாவற்றையும் அப்படி நெருக்கி அடுக்கிக் கொடுப்பதுதான் நெஸ்டிங் மென்பொருளின் வேலை. நல்ல பிளைவுட் ஷீட் ஒன்று மூவாயிரம் ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை. அடுக்குவதில்தான் எங்கள் லாபமே இருக்கிறது.

அடுக்கிய படத்தை மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் பகுதிக்கு 'போஸ்ட் பிராசஸர்' என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளை போட்ட நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டினார்கள். நாடா போய் பென் டிரைவ் வந்துவிட்டது. மெஷினின் குணம் மட்டும் மாறவில்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்யும். தப்பாக எழுதிக் கொடுத்தால் தப்பையும் அப்படியே செய்யும்.

மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. அதன் பிறகு எங்களுக்கு மென்பொருள் கொடுத்தவர்கள், "புது வெர்ஷனுக்கு மாறிடுங்க மேடம்" என்று போன் செய்தார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்களே ஆன்லைனில் எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து ஏற்றியும் கொடுத்தார்கள். எல்லாம் பச்சை டிக். திங்கள்கிழமை கொளத்தூர் வீட்டு கிச்சனை அறுக்க ஆரம்பித்தோம். கிரகப்பிரவேசத்துக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

மூன்று ஷீட் அறுத்துப் பலகைகளைச் சேர்க்கும்போதுதான் வம்பு தெரிந்தது. ஷெல்ஃப் குட்டையாக இருந்தது. பக்கப் பலகையின் அளவு சரியாக இருந்தும், ஸ்க்ரூ துளை தள்ளிப் போயிருந்தது.

கணவரின் கோபம் நேராக மெஷின் ஓட்டும் பையன் மேல் போனது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்களிடம் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "வேக்கம் சரியா பிடிக்கல. ஷீட் நகர்ந்திருக்கு. நீ பாக்கல" என்றார். "இல்லண்ணா, மீட்டரைப் பாத்துட்டுதாண்ணா ஸ்டார்ட் பண்ணேன்" என்றான் அவன். அதற்கு மேல் பேசவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. நாளையிலிருந்து வர மாட்டானோ என்று எனக்குத் தோன்றியது.

நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்டிய ஒவ்வொரு பலகையும் ஷீட்டில் எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதினேன். நாலு பக்கமும் வேறு பலகைகள் சூழ்ந்திருந்தவை 6 மி.மீ. குட்டை. ஓரத்தில் இருந்தவை அளவில் சரி, துளை மட்டும் 3 மி.மீ. தள்ளல். மூன்றாவது ஷீட்டில் தனியாகக் கிடந்த ஒரே ஒரு பலகை 6 மி.மீ. கூடுதல்! ஷீட் நகர்ந்திருந்தால் தப்பு தாறுமாறாக இருந்திருக்கும். இதுவோ 3, 6 என்று கணக்காகத் தப்பியிருந்தது.

எங்கள் ஆசாரி அண்ணாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மெஷின் வந்தபோது, "இனிமே எனுக்கு இன்னாம்மா வேல?" என்று கேட்டவர். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மெஷின் மேஜையில் கட்டர் போன கோட்டில் படுக்க வைத்தார். பென்சில் உள்ளே விழுந்தது.

"பாத்தியாம்மா? பழைய கோட்டுல பென்சில் எறங்காது. இது ரெண்டு பங்கு அகலம்" என்றார்.

எங்கள் கட்டர் 6 மி.மீ. கோடும் 6 மி.மீ.தான் இருக்க வேண்டும். அளந்தால் 12. அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது.

கட்டருக்குப் பருமன் இருக்கிறது. அதன் நடுப்பகுதி பலகையின் ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி ஓடினால்தான் பலகை சரியான அளவில் வரும். அந்த 3 மி.மீ.யை மென்பொருளே கணக்கிட்டுத் தரலாம். அல்லது, "நீ தள்ளிக்கொள்" என்று மெஷினிடம் விட்டுவிடலாம். யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும். பழைய டிசைன் ஒன்றைப் புது வெர்ஷனில் எண்களாக மாற்றி, பழைய ஃபைலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் இல்லாத 'ஜி41' என்ற கட்டளை புதியதில் முளைத்திருந்தது. மெஷினைத் தள்ளிக்கொள்ளச் சொல்லும் கட்டளை அது. மென்பொருள் ஏற்கெனவே தள்ளியிருக்க, மெஷினும் தள்ளியிருக்கிறது. சாம்பாருக்கு மாமியாரும் உப்புப் போட்டு, தெரியாமல் மருமகளும் போட்ட கதை. தனிப் பலகை பெரிதானது அதனால்தான். நெருக்கி அடுக்கியவற்றில், ஒரு பலகைக்காகத் தள்ளி ஓடிய கட்டர் பக்கத்துப் பலகையைக் கடித்திருந்தது.

அப்டேட் ஆகும்போது எங்கள் மெஷினுக்கென்று அமைத்திருந்த போஸ்ட் பிராசஸர் போய், பொதுவான ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. போன் செய்து சொன்னதும் பழையதைத் திருப்பி வைத்துக் கொடுத்தார்கள். முதலில் கட்டரைத் தூக்கி வைத்துக் காற்றில் ஓடவிட்டோம். பிறகு, கழித்துப்போட்ட எம்.டி.எஃப். துண்டில் 100 மி.மீ. சதுரம் வெட்டினோம். சரியாக 100 வந்தது. மூன்று ஷீட் நஷ்டம். கொளத்தூர் கிச்சன் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2024 ஜூலை 19-ம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது. 2017 மே மாதம் வான்னக்ரை வைரஸ் பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதை ஏற்றாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

இப்போது எங்கள் பட்டறையில் சில வழக்கங்கள் இருக்கின்றன. ஓர் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் கிடையாது. அப்டேட்டுக்கு முன்னால் போஸ்ட் பிராசஸர், கட்டர் பட்டியல், மெஷின் செட்டிங் மூன்றும் தேதி எழுதிய பென் டிரைவில் ஏறும். முடிந்ததும் அதே பழைய டிசைனை மாற்றிப் பார்த்து, ஃபைல்களை ஒப்பிடுவோம். அடுத்து காற்றில் ஓட்டம், கழிவுத் துண்டில் சதுரம். அதற்குப் பிறகுதான் நல்ல ஷீட். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

பெரிய மாற்றம் கணவரிடம்தான். முன்பெல்லாம் எது கெட்டாலும், "யார் செஞ்சது?" என்பார். போன மாதம் லேபிள் பிரின்டர் நின்றபோது, "நேத்து ஓடுச்சே... நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாறிச்சு?" என்று கேட்டார். யார் என்று கேட்டால் எதிரில் இருப்பவர் வாய் அடைத்துப்போகும். என்ன மாறியது என்று கேட்டால், அவரே கூட நின்று தேடுவார். மிக்ஸி நின்றாலும், கரன்ட் பில் எகிறினாலும், பிள்ளையின் மார்க் குறைந்தாலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அந்தப் பையன் எங்களிடம்தான் இருக்கிறான். நோட்டு இப்போது அவன் கையில். பிரின்டர் நின்ற அன்று, கணவர் கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தைப் புரட்டி, "ரோல் மாத்தினோம்ணா, வேற கம்பெனி" என்றான். பழைய ரோலைப் போட்டதும் பிரின்டர் ஓடியது.