மொட்டை மாடிக்கு எத்தனை வருஷம் வாரண்டி?

மிக்ஸி வாங்கினால் வாரண்டி அட்டையில் கடை சீல் வாங்க மறக்காதவர்கள்கூட, லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் வீட்டுக் கூரைக்கு என்ன வாரண்டி என்று கேட்பதில்லை. மேடவாக்கம் பக்கம் நாலாவது மாடியில் ஃப்ளாட் வாங்கிய ஒரு வாத்தியாரும் கேட்கவில்லை. 2021 ஜனவரியில் சாவியோடு ஒரு ஃபைலும் கொடுத்தார்கள். அதில் "டெரஸ் வாட்டர்ப்ரூஃபிங், 10 வருட வாரண்டி" என்று பளபளவென ஒரு காகிதம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

2022 கார்த்திகையில் படுக்கையறை சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம். பில்டருக்கு போன் போட்டார். "மழை விடட்டும் சார், ஆள் அனுப்புறோம்." நியாயமான பதில்தான், ஈரத்தில் வேலை செய்ய முடியாது. ஆனால் மழை விட்டதும் வட்டம் காய்ந்தது, தை பிறந்தது, இரண்டு பேருமே மறந்து போனார்கள். அடுத்த வருஷம் வட்டம் பெரிதானது. மறுபடி போன், மறுபடி அதே பதில். இப்படியே 2025 ஐப்பசி வந்துவிட்டது. கட்டிலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பக்கெட் வைத்தார்கள். அப்போதுதான் வாத்தியார் பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை முழுசாகப் படித்தார்.

பத்து வருஷம் என்பது உண்மைதான், ஆனால் கூரைக்கு அல்ல, டின்னில் வந்த கெமிக்கலுக்கு! கெமிக்கலில் குறை என்று நிரூபித்தால் அதே அளவு கெமிக்கல் திரும்பத் தருவார்களாம். கூலி, பெயர்த்த தட்டோடு, நனைந்த அலமாரி எதற்கும் பொறுப்பில்லை. மாடியில் யாராவது துளை போட்டிருந்தால் அதுவும் செல்லாது. (மூன்றாவது மாடிக்காரர் சோலார் ஹீட்டர் ஸ்டாண்டுக்கு நாலு துளை போட்டிருந்தார்.)

வேடிக்கை என்னவென்றால் மொட்டை மாடி பெரும்பாலும் கெமிக்கலால் ஒழுகுவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், சரிவு சரியில்லாமல் தண்ணீர் தேங்கும் இடம், இங்கேதான் இறங்கும். மூன்றுமே வேலையில் உள்ள குறை. காகிதம் காப்பாற்றுவது பொருளை, ஒழுகுவதோ வேலை.

வேலைக்கு வாரண்டியே இல்லையா? இருக்கிறது, அது ஃபைலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3). வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ பில்டரின் கவனத்துக்கு வந்தால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு. இதில் முக்கியமான வார்த்தை "கவனத்துக்கு". போனில் சொன்னதை நாளைக்கு எப்படிக் காட்டுவது? மூன்று வருஷமாகக் கத்தியும் வாத்தியாரிடம் ஒரு வரி எழுத்து இல்லை. 2026 ஜனவரியோடு கெடு முடிகிறது.

அது மட்டுமில்லை, 24 வீட்டு அபார்ட்மென்ட் என்பதால் அவர் தப்பித்தார். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீட்டுக்கு மேற்படாமலோ கட்டினால் இந்தச் சட்டப்படி பதிவே தேவையில்லை. சென்னையில் சந்துக்குச் சந்து நிற்கும் நாலு வீட்டு, ஆறு வீட்டு ஃப்ளாட்டெல்லாம் அந்த ரகம். அங்கே வாங்குபவர் ஒப்பந்தத்திலேயே கூரை வேலைக்கு எத்தனை வருஷம் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அசோசியேஷன் கூட்டத்தில் முதல் மாடிக்காரர், "உங்க சீலிங் ஒழுகுறதுக்கு நாங்க ஏன் சார் கையெழுத்து போடணும்?" என்றார். அதே சட்டத்தில் மொட்டை மாடி பொதுச் சொத்து என்று இருப்பதை வாத்தியார் எடுத்துக் காட்டினார். முனகிக்கொண்டே போட்டார்.

டிசம்பர் 9-ம் தேதி கடிதம் ஸ்பீட் போஸ்டில் போனது. தேதியோடு எட்டு போட்டோ, 14(3) என்ற எண், போய்ச் சேர்ந்ததற்கான ரசீது. மூன்று வருஷம் வராத ஆள் மூன்றாம் வாரம் வந்தார். குழாய் வாயை அடைத்து மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். வடக்கு மூலையில் கைப்பிடிச் சுவரோரம்தான் இறங்கியது. பொங்கலுக்கு முன்னால் அந்த மூலையைப் பெயர்த்துப் பூசிவிட்டுப் போனார்கள்.

சீலிங்குக்கு பெயின்ட் மட்டும் அவர் இன்னும் அடிக்கவில்லை. ஐப்பசி வரட்டும் என்கிறார்.