பிளந்து போன சமவெளி



இணைய விளையாட்டைப் பற்றித் தமிழாசிரியை எழுதுவதா எனச் சிலர் வியக்கக்கூடும். பிள்ளைகளின் குறையை எவ்வாறு கேட்பது என்பதற்கு அதிலே நல்லதொரு சான்று இருக்கின்றது.

'வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004-இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. உலகெங்கிலும் இருந்து ஆடுவோர் ஒரே கற்பனை உலகில் தத்தம் பாத்திரமேற்று உலவுவர். 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் 12 மில்லியனைத் தாண்டினர். அவ்வாண்டு டிசம்பர் 7-இல் 'கேட்டகிளிசம்' என்னும் மூன்றாம் விரிவாக்கம் வந்தது. முதல் நாளிலேயே 3.3 மில்லியன் படிகள் விற்பனையாயின.

முந்தைய இரண்டு விரிவாக்கங்களும் புதிய நிலங்களைச் சேர்த்தன. இதுவோ பழைய நிலத்தையே மாற்றிவிட்டது. பேரன்ஸ் சமவெளி இரண்டாகப் பிளந்தது. தௌசண்ட் நீடில்ஸ் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. பழைய கண்டங்களில் பறந்து செல்லலாம் எனப் பலர் மகிழ்ந்தனர். குழுவாகப் போரிடும் நிலவறைகள் கடினமாகிவிட்டன எனச் சிலர் நொந்தனர். பழகிய உலகம் போயிற்றே என வருந்தியோரும் உளர்.

என் தமக்கை மகனும் வருந்தியோருள் ஒருவன். "சின்னம்மா, நானும் அவனும் நடந்துபோன பாதையே இப்போது இல்லை," என்றான். 'அவன்' என்றது தொடக்கப்பள்ளித் தோழனை. அவன் குடும்பம் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்த பின், இருவரும் சந்தித்த ஒரே இடம் அந்தச் சமவெளிதான்.

அடுத்த மாதமே, 2011 சனவரியில், நம் நாட்டில் முதலாம் ஆண்டிற்குக் கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் அறிமுகமானது. ஆசிரியர் அறையிலும் அதே குரல்கள் எழுந்தன. "புதியது கடினம்" என்றார் சிலர். "பழையதில் நல்லது ஒன்று போய்விட்டது" என்றார் வேறு சிலர். இரண்டும் ஒன்றல்ல. கடினம் என்பது பழகப் பழகத் தீரும். இழப்பு அவ்வாறு தீர்வதில்லை. ஆயினும் இரு சாராரையும் 'மாற்றத்தை விரும்பாதவர்' என்ற ஒரே சொல்லால் அடைத்துவிடுகிறோம்.

அந்த விளையாட்டில் நிகழ்ந்ததும் அதுவே. 2013-இல் நிறுவனத்தின் மாநாட்டில் ஒருவர் பழைய உலகம் திரும்ப வருமா என வினவியபோது, அதை விரும்புவதாக நீங்கள் எண்ணுகிறீர்களேயன்றி உண்மையில் விரும்பவில்லை என்ற பொருளில் மறுமொழி வந்தது. ஆனால் 2017-இல் நிறுவனமே பழைய வடிவத்தை மீண்டும் தருவதாக அறிவித்தது; 2019 ஆகஸ்டில் 'கிளாசிக்' என்னும் பெயரில் அது வெளிவந்தது. அந்தப் பழைய உலகில் பறக்க இயலாது. நெடுந்தொலைவு நடக்க வேண்டும். அதையும் அறிந்தே மக்கள் திரண்டனர். ஆகவே அவர்தம் குறை சோம்பலால் எழுந்ததன்று.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! "முன்பு இருந்ததே நன்று" என ஒரு பிள்ளை முணுமுணுத்தால், "பழகிக்கொள்" என்று உடனே சொல்ல வேண்டாம். "எது போய்விட்டது?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை கடினம் என்றால் கைபிடித்துப் பழக்குவோம். விடை ஒரு தோழனின் பெயராயின், அன்று பாடத்தைச் சற்று ஒதுக்கி வைத்தாலும் தவறில்லை.