பொறுமை இல்லாத பொறுத்தல்

'புட் அப் வித்' என்ற ஆங்கில வினை வரும் இடத்திலெல்லாம் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'பொறுத்துக்கொள்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

புட், அப், வித் மூன்றும் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். சேர்ந்ததும், மூன்றில் எதற்கும் சொந்தமில்லாத ஓர் அர்த்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்நியர்களை மிகவும் சிரமப்படுத்துவது இவ்வகைச் சேர்க்கைதான் என்று ஜான்சன் 1755-லேயே தம் அகராதியின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆனால் அர்த்தம் தெரிந்த பிறகுதான் என் சிரமம் ஆரம்பிக்கிறது.

'பொறு'வுக்குள் பொறை இருக்கிறது. பொறை என்றால் சுமை, பொறுமையும் அதுவே. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ஒருத்தி பொறுத்துக்கொண்டாள் என்று எழுதியதுமே தமிழில் அவளுக்கு ஒரு பீடம் கிடைத்துவிடுகிறது. ஆங்கில வினையில் பீடம் இல்லை. 1611-ஆம் வருஷத்து ஆங்கில பைபிளில், வாளை உறையில் போடு என்று பேதுருவிடம் சொல்லும் இடத்தில் வருவது 'புட் அப்'. 'ஒதெல்லோ'வில் ரோட்ரிகோ, பட்டதையெல்லாம் பேசாமல் விழுங்கிவிட மாட்டேன் என்பதற்கும் இதையே உபயோகிக்கிறான், 'வித்' இல்லாமல். எனக்கு இவ்விரண்டும் சேர்ந்தே கேட்கின்றன. உறைக்குள் போனாலும் வாள் வாள்தான். இது மன்னிப்பு அல்ல.

எங்கள் பெரியம்மா, பெரியப்பாவைப் பற்றி, அவர் காதுபடவே சொல்வாள்: "இந்த மனுஷனோட நாப்பது வருஷம் குப்பை கொட்டியாச்சு." குப்பையையும் கொட்டுவதையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் தாம்பத்தியம் அகப்படாது. சேர்த்தால் கசப்பு, கணக்கு, கொஞ்சம் சிரிப்பு எல்லாம் இருக்கின்றன. தியாகம் மட்டும் இல்லை. ஆங்கில நாவலில் ஒரு மனைவி தன் புருஷனைக் குறித்து 'புட் அப் வித்' என்றால், நான் பெரியம்மாவின் வினையைத்தான் போடுவேன்.

எதிர்மறைக்கு அது உதவாது. 'மாட்டேன்' என்பதோடு சேரும்போதுதான் ஆங்கில வினைக்கு முழு பலமும் வருகிறது. அவமானத்தை மறுக்கிறவள் "குப்பை கொட்டமாட்டேன்" என்றால் பொருந்தாது. "இதுக்கெல்லாம் வேற ஆளைப் பாரு" என்பாள்.

ஒரே வினைக்கு இரண்டு தமிழா, சீர் குலைகிறதே என்பார்கள். ஒரே சொல்லை வைத்து எல்லாப் பெண்களையும் பொறுமைசாலிகளாக்கிவிடும் சீர் எனக்கு வேண்டாம்.